மருந்துக்கடை மாடி

எங்கள் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டில் போன வாரம் வரை ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. இரண்டு அடுக்கு. கீழே சாதம், மேலே கறிகாய், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிளிப். இடது பக்கத்துக் கிளிப் கொஞ்சம் வளைந்திருப்பதால் திறக்கும்போது டக்கென்று சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் அந்தச் சத்தம் கேட்டால், சீரங்கத்து சார் இலை போட்டாச்சு என்று கேலி செய்வார்கள். பல வருஷம் என்னோடு பஸ்ஸில் காவிரிக்கரை வெயிலையும் பாலத்து நெரிசலையும் பார்த்த பாக்ஸ் அது. அதை மேலே ஏற்றி வைத்துவிட்டு நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினேன். கனமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். கனமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசியது, அவ்வளவுதான்.

நான் கணக்கு வாத்தியார். திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் பெயரைச் சொன்னால் பழைய மாணவர்கள் முதுகைத் தடவிக்கொள்வார்கள். குரல் அப்படி, வாய் அப்படி. தப்புப் போட்ட கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, இளக்காரம்தான் வரும். அப்படிப்பட்டவன், இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு காலை, கரும்பலகையில் பாதி கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த வரி தெரியாமல் நின்றேன். மறதி இல்லை. மறந்தால் யோசிக்கலாம். அன்று யோசிக்கிற இடமே காலியாக இருந்தது. சாக்பீஸைப் பிடித்த கை பலகையில் ஒட்டினாற்போல நின்றது. சைன் ஸ்கொயரையும் காஸ் ஸ்கொயரையும் கூட்டினால் என்ன என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாக, "ஒண்ணு சார்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓர் அதட்டல் போட்டுச் சமாளித்திருப்பேன். அறுபது பிள்ளைகள் என்மேல் பரிதாபப்பட்டு அமைதியாக உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட நிறுத்தம் வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை வேர்க்கும். இறங்க முடியாது. இறங்காமலேயே பஸ்ஸோடு போய்விட்டேன் ஒரு நாள். தலைமையாசிரியரிடம் போய் மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்தேன். அவர் ஒரு பாதிரியார், அதிகம் கேட்கவில்லை. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண்ணின் அப்பாவுக்கு மனசு சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் உத்தர வீதியில் தொடங்கி சித்திரை வீதிக்கு வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அதனால் வழக்கம்போலக் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, துறையூர் பஸ் நிற்கிற பக்கமாக ஒரு தூண் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். தெரிந்த முகம் வந்தால் பேப்பரை உயர்த்திக்கொள்வேன். சாயங்காலம் வீடு திரும்புவேன்.

இதில் பெரிய தொல்லை அந்த பாக்ஸ்தான். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் மனைவிக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் பையைத் திறந்து பாக்ஸை எடுத்துக் கழுவுகிறவள் அவள். விடியற்காலையில் எழுந்து அவள் பிசைந்து வைத்த தயிர்சாதத்தைக் குப்பைத் தொட்டியில் தட்டிவிட்டு, குழாயடியில் பாக்ஸை அலசி, காலிப் பாக்ஸோடு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. சாதத்தைக் கொட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். திருடனுக்குக்கூட அந்தப் பார்வை இருக்காது.

தலைமையாசிரியர் ஒரு நாள் போன் செய்து, தில்லை நகரில் மனசுக் கஷ்டத்தைப் பேசித் தீர்க்கிற கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார், ஒரு தரம் போய்ப் பாருங்கள் என்றார். நான் போகவில்லை. மறுபடி கேட்டார். அவர் முகத்துக்காகப் போனேன். குறுக்குத் தெரு ஒன்றில் கீழே மருந்துக்கடை, பக்கத்தில் குறுகலான படி, மாடியில் அந்த அறை. தெருமுனையிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். நேராகப் படியேற மனம் வரவில்லை. மருந்துக்கடைக்குள் போய்த் தலைவலித் தைலம் ஒன்று கேட்டு வாங்கினேன். அதைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத சமயம் பார்த்து விறுவிறுவென்று மேலே போய்விட்டேன். பிறகு வியாழக்கிழமைதோறும் இதே நாடகம். என் அலமாரியில் தைலக் குப்பிகள் சேர்ந்துகொண்டே போயின. "ஏன்னா, இத்தனை தைலம் எதுக்கு வாங்கிண்டு வரேள்?" என்று மனைவி ஒரு தரம் கேட்டாள். தள்ளுபடியில் கொடுக்கிறான் என்றேன். தைலத்துக்கு யார் தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

அந்தக் கவுன்சிலரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான். என் தங்கை வயது இருக்கும். பாலக்கரைப் பக்கத்தில் வீடு. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை, காட்டன் புடவை, சத்தம் போடாத செருப்பு. அறையில் மேஜை கிடையாது. அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளியவன் நான். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, சற்றுக் கோணலாகப் போட்டிருந்தது. எனக்கு எது என்று கேட்டேன். "உங்களுக்கு எது வசதியோ அதுல உக்காருங்க சார்" என்றார். அன்று முழுக்க அவர் சொன்ன யோசனை அது ஒன்றுதான். மீதி நேரமெல்லாம் நான் சொன்னதைத்தான் கேட்டார்.

கேட்பது என்றால் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது மருந்து, அல்லது மந்திரம், குறைந்தபட்சம் ஒரு மூச்சுப்பயிற்சி. "என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம், செஞ்சுடறேன்" என்று மூன்றாம் வாரமே கறாராகக் கேட்டுவிட்டேன். "சீக்கிரம் ஒரு வழி கிடைக்கணும்னு தவிப்பா இருக்கு உங்களுக்கு" என்றார் அவர். எனக்கு எரிச்சல் மண்டியது. "நான் சொல்றதையே நீங்க கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றீங்க. இதுக்கு எதுக்கு நான் பஸ் ஏறி வரணும்?" என்றேன். ஒரு பெண்மணியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் சிரித்துவிட்டார். "கேக்குறதுக்கு அப்படித்தான் இருக்கும் சார். நான் சரியாக் கேட்டேனான்னு உங்ககிட்ட சரிபாத்துக்கிறேன். தப்பா இருந்தா திருத்துங்க." திருத்துங்க என்ற சொல் எனக்குப் பரிச்சயமானது. ஆனால் அந்த அறையில் திருத்துகிற ஆள் நான், திருத்தப்படுகிறவர் அவர் என்பது எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று.

இந்த முறைக்கு ஏதாவது பேர் உண்டா என்று ஒரு நாள் கேட்டேன். ஆளை மையமாக வைத்துச் செய்கிற ஆலோசனை என்றார். பிரச்சினையை மையமாக வைத்தால்தானே விடை வரும் என்று நான் வாதாடினேன். "உங்க கணக்கு உங்களுக்குத்தான் சார் தெரியும். நீங்க போடுற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார். வகுப்பில் ஒரு வாத்தியார் இப்படிச் சொன்னால் மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள். பிள்ளை தானாகப் போடட்டும் என்று நான் ஒருநாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவன் இரண்டாவது வரியில் தடுமாறும்போதே சாக்பீஸைப் பிடுங்கிவிடுவேன்.

தயிர்சாதம் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு நேரமாகிவிட்டது. நான் மடியில் இருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன் போல. "பையில ஏதோ இருக்கு, அது உங்களை என்னமோ பண்ணுது" என்றார். சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு, குப்பைத் தொட்டி, குழாயடி எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அவர், "இங்க சாப்பிடலாம் சார், உங்களுக்குச் சம்மதம்னா" என்றார். கிளிப்பைத் திறந்தேன். டக். புளிக்காத தயிர், கடுகு தாளித்த வாசனை, ஓரத்தில் இரண்டு வடுமாங்காய். மனைவி அன்று மாதுளை முத்துக்கூட உதிர்த்துப் போட்டிருந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தேன். அது தொண்டைக்குள் போவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் சாதத்தோடு, ஐம்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை, கொஞ்ச நாளே தெரிந்த ஒரு பெண்ணின் எதிரில் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நம் ஊரில் யாராவது அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்பார்கள். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மார்க் குறைந்து அழுத பிள்ளையிடம், கணவரை இழந்த சக ஆசிரியையிடம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அழுகிறவனுக்கு ஒன்று இருக்கிறது. அதனால்தான் அழுகிறான். மேடம் அன்று ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை. எழுந்து வந்து முதுகைத் தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே இருந்தார். நான் மூடியை மூடியதும், "இவ்வளவையும் தனியா சுமந்துருக்கீங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் அந்த அறையிலேயே சாப்பிட்டேன். ஒரு வாரம்கூட, நீங்க சாப்பிட்டீங்களா என்று அவரைக் கேட்கவில்லை. எதிரில் ஓர் ஆள் இருக்கும்போது ஒரு வாய் வேண்டுமா என்று கேட்காமல் சாப்பிடுகிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரரைக் கூடக் கேட்போம். நான் கேட்கவில்லை. நெற்றியில் திருமண்ணோடு நான், கழுத்தில் சிலுவையோடு அவர். அதனால்தான் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருப்பாரோ என்று பின்னால் பல தடவை வெந்திருக்கிறேன். அதனால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. என் துக்கத்தில் நான் அவரை மறந்துவிட்டேன் என்பது கௌரவமான காரணம். அது முழுக் காரணமா என்று தெரியவில்லை.

முதல் நாளே அவர் ஒன்று சொல்லியிருந்தார். "வெளிய எங்கயாவது பாத்தா நான் முதல்ல பேச மாட்டேன் சார். தெரிஞ்சவங்க மாதிரி காட்டிக்க மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன். அது உங்க இஷ்டம்." எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் சொன்னதிலேயே எனக்கு அன்று முழுதாகப் பிடித்தது அது ஒன்றுதான்.

நவராத்திரி சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றுவிடவில்லை. அடித்துக்கொள்ளட்டும் என்று அதோடு இறங்கப் பழகிக்கொண்டேன். பலகையில் ஒரு வரி நின்றுபோனால், "கொஞ்சம் இருங்கப்பா, சாருக்கு வரல" என்று சொல்லிவிட்டு நிற்பேன். பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு எதுவும் தெரியாமலேயே ஆடியிலிருந்து புரட்டாசி வரை கடத்திவிட்டேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சாமர்த்தியப் பெருமையும் இருந்தது. டிபன் பாக்ஸ் மேல்தட்டுக்குப் போனது அப்போதுதான். மாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். கேட்கும் வித்தையை நானும் செய்து பார்க்கலாமே என்று, மகனோடு சண்டை போட்டுவிட்டு வந்த இயற்பியல் சாரிடம் உட்கார்ந்து காது கொடுத்தேன். அவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், நீங்க என்ன பண்ணுங்க என்று ஆரம்பித்துவிட்டேன்.

பெண்ணுக்கு வரன் அமைந்தது. தை மாதம் கல்யாணம், ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம். முதல் நாள் மாலை வரவேற்பு. வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச்செம்பு வைத்த மேஜைக்குப் பக்கத்தில் நானும் மனைவியும் நின்றோம். பெண்ணைப் பெற்றவனுக்கு அன்று ஒரே வேலை. வருகிறவர்களை வாங்கோ வாங்கோ என்று கூப்பிட வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கிற இடமில்லை அது. ஒருவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டால் அவர் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார். நான் யார் என்றே தெரியாத எத்தனையோ பேரைக் கைகூப்பிக் கூப்பிட்டேன். பக்கத்து மண்டபத்துக்குப் போகவேண்டிய ஒருவரைக்கூடக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டேன்.

அப்போது மேடம் படியேறி வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் அவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பட்டுப் புடவை கட்டியிருந்தார். கையில் பரிசுப் பொட்டலம். என்னைப் பார்த்தார். பார்த்த அந்தக் கணமே அவர் முகம் யாரோ ஒருவர் முகமாக மாறிவிட்டதைக் கண்ணால் கண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாக்கி என்னுடையது. வாங்கோ என்று ஒரு வார்த்தை. தெரியாத ஆளாக நினைத்துக் கூப்பிட்டிருந்தாலும் போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நானோ குனிந்து சந்தனப் பேலாவில் பன்னீரை விட்டுக் குழைக்க ஆரம்பித்தேன். மனைவிதான், "வாங்கோ, உள்ள வாங்கோ" என்று கல்கண்டை எடுத்து நீட்டினாள். அந்த மாலையில் அத்தனை பேரில் நான் கூப்பிடாமல் விட்டது ஒரே ஒருவரைத்தான்.

பந்தியிலும் அப்படியே. பெண்ணின் அப்பா வரிசை வரிசையாகப் போய், நன்னா சாப்பிடுங்கோ, பாயசம் வந்ததா என்று விசாரிக்க வேண்டும். மேடம் உட்கார்ந்திருந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குத் தாவினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். தலையைக் குனிந்து நிதானமாகச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, என்னையும் என் அண்ணாவையும் காட்டி அறிமுகம் செய்தார். "என் ஃப்ரெண்ட். தில்லை நகர்ல கவுன்சிலரா இருக்கா. மனசு கஷ்டம்னு வர்றவாளுக்கு ஆலோசனை சொல்றா" என்றார். அண்ணா நல்லவர்தான், ஆனால் எங்கள் குடும்பத்தின் பெருமையைத் தூக்கிச் சுமப்பது அவர்தான் என்று அவருக்கு நினைப்பு. "ரொம்ப சந்தோஷம். பெருமாள் கடாக்ஷத்துல நம்மாத்துல அதுக்கெல்லாம் இதுவரைக்கும் அவசியம் வந்ததில்லை" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லையாடா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

மேடம் கைகூப்பினார். "நல்லதுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வாசல் வரை சென்று வழியனுப்பவும் இல்லை நான். என் பெண்ணின் கல்யாணப் படங்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிற படம் எதைப் பார்த்தாலும், இது அந்த ஆமாமுக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்றுதான் தோன்றுகிறது.

பங்குனி பிறந்த பிறகுதான் மாடிக்குப் போக முடிந்தது. வெட்கத்தைச் சொல்லிக்கொண்டு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அன்றைக்கும் கீழே தைலம் வாங்கினேன். பழக்கதோஷம். உட்கார்ந்ததும், "அன்னிக்கு உங்கள வாங்கன்னுகூடக் கூப்பிடல மேடம். அண்ணா கேட்டதுக்கு அப்படிச் சொன்னதும் தப்பு" என்றேன். பரவாயில்லை சார் என்பார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அது வராமல் போகவே நானே, "பரவாயில்லன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு சார்" என்றார்.

நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் அந்த நாற்காலியில் எனக்காக ஒரு காதுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வருத்தப்படுகிற ஓர் ஆள் இருக்கிறார் என்று ஏனோ தோன்றியதே இல்லை. ஆளை மையமாக வைப்பது என்றால் அந்த ஆள் நான் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

"நீங்க கூப்பிடாததுக்கு இல்ல. அது நாம பேசி வெச்சதுதான்" என்று கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசினார். "இந்த நாற்காலில உக்காந்து ஒருத்தர் அழுதுகிட்டே தயிர்சாதம் சாப்பிட்டாரு. அந்த மண்டபத்துல எல்லாருக்கும் இடம் இருந்துச்சு, அவருக்கு மட்டும் இல்ல. அப்படி ஒருத்தர் எங்க வீட்டுல கிடையாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு அவரப் பிடிக்கும் சார். அதான் வருத்தமா இருந்துச்சு."

 அந்த அழுமூஞ்சியைப் பற்றி நான் வெட்கப்பட்டிருக்கிறேன், அவனை ஒளித்து வைத்திருக்கிறேன், அவன் சாப்பிட்ட பாத்திரத்தைக்கூடக் கண்ணில் படாமல் மேலே ஏற்றிவிட்டேன். அவனைப் பிடிக்கும் என்று ஒருவர் சொல்வார் என்று நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கம் குறையவில்லை. முன்பு அழுததற்காக வெட்கப்பட்டேன், இப்போது அழுதவனை வாசலில் நிறுத்தியதற்காக. மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று அன்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். முடிவு செய்து, அப்புறம் பல மாதம் சொல்லவில்லை.

போன வாரம் மனைவி மேல்தட்டை ஒழித்தாள். ஸ்டூலில் நின்றபடி, "இந்த டிபன் பாக்ஸைப் பாத்திரக்காரன்ட்ட போட்டுடட்டுமா? நீங்கதான் தொடறதே இல்லையே" என்றாள். இறங்கு, ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தனை நாளும் பஸ் ஸ்டாண்டுலயா உக்காந்திருந்தேள்?" என்றாள் முதலில். ஆமாம் என்றேன். இந்த ஆமாம் பொய் இல்லை. "நான் பிசைஞ்சு குடுத்ததைக் கொட்டினேளா?" ஆமாம்.  பிறகு, "தைலமா வாங்கிக் குவிச்சேளே, நெஞ்சுவலியை மறைக்கறேள்னு நெனச்சேன். கேட்டா பயந்துடுவேள்னு கேக்கலை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில போய் நின்னுண்டு அழுதேன். யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒண்ணுமில்லை, எல்லாம்தான் சரியாப் போச்சே என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியதில் இதைவிடக் கடினமான எதையும் நான் செய்ததில்லை. "தனியாப் பயந்துண்டு இருந்திருக்கே" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கோபமே வெளியே வந்தது. நிறையப் பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை. எல்லாம் எனக்கு வரவேண்டிய பேச்சுதான்.

எல்லாம் ஓய்ந்தபின் கேட்டாள். "கல்யாணத்துல நான்தானே அவாளை வாங்கோன்னேன்? நீங்க சந்தனத்தைக் குழைச்சுண்டு நின்னேள். அப்பவே என்ன இதுன்னு நெனச்சேன்." பிறகு, "வாராவாரம் அவா எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கேளே, ஒரு வாய் வேணுமான்னு கேட்டேளா?"

"கேக்கலை."

"என்ன மனுஷர் நீங்க" என்றாள். எழுந்து, பாக்ஸை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தில்லை நகர் போனேன். அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு நாள் ஆகும். மருந்துக்கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரை ஸ்ரீரங்கத்தில் பார்த்த ஞாபகம். கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க சார், தைலந்தானே?" என்று பின்பக்க அலமாரிக்குக் கையை நீட்டிவிட்டார்.

"இல்லைங்க. மாடிக்குப் போறேன், கவுன்சிலிங்குக்கு" என்றேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் என்னுடையது. அன்று கல்லாவைத் தாண்டியிருக்காது. காது சூடேறிவிட்டது. கடைக்காரர், "சரிங்க சார்" என்று கையை எடுத்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல ஆசை. அவ்வளவு தைரியம் வரவில்லை. படியில் வேகமாகத்தான் ஏறினேன்.

மேலே அதே இரண்டு நாற்காலி. உட்கார்ந்து பையிலிருந்து பாக்ஸை எடுத்தேன். இரண்டு அடுக்கிலும் சாதம், ஆளுக்கு ஒன்றாக. இடது பக்கத்துக் கிளிப்பை நீக்கினேன். டக்.

"சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன்.